உங்கள் மணித்தியாலத்துக்கு என்ன விலை?

(நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி எமது பழைய மாணவியர் சங்கம் நடத்திய சிறுதொழில் முயற்சியாளர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சிறுதொழில் செய்பவர்களுக்குச் சந்தைப்படுத்தல் பற்றியும் வேலைத்தலம் பற்றியும் பயனுள்ளதாக ஏதாவது சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் தொழில் கணக்கு எழுதுவது. கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கமும் உள்ள சிறிய கடைகளுக்கும், வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கும் 25 வருடங்களாகக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆகவே விளம்பரத்தைப் பற்றிக்கூட ஒரு கணக்கப்பிள்ளையின் கண்ணால்தான் என்னால் பேச முடியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மேசைக்கு வந்த கொப்பிகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். பெண்கள் நடத்தும் வீட்டுத் தொழில்களில் பல, வாடிக்கையாளர் இல்லாமல் மூடப்படவில்லை. ஓடர் நிறைந்திருந்த காலத்திலேயே மூடப்பட்டன. கேக் செய்தவர், சாரி பிளவுஸ் தைத்தவர், மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தவர் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள், நல்ல பெயரும் எடுத்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் முதுகு வலியும் கடனும்தான் மிஞ்சின. "எனக்கு வியாபாரம் சரிவரவில்லை" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். வியாபாரம் சரியாகத்தான் வந்தது. விலைதான் சரியாக இருக்கவில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்த எண்கள் விளக்கத்துக்கு மட்டும். இன்றைய சாமான் விலையை வைத்து நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பட்டர் கேக். மா, பட்டர், சீனி, முட்டை எல்லாமாக 1,600 ரூபா. காஸ், மின்சாரம் 200. பெட்டியும் ரிப்பனும் 150. மொத்தம் 1,950. அதை 2,500க்கு விற்கிறோம். 550 ரூபா இலாபம் என்று மனதுக்குள் சந்தோஷப்படுகிறோம்.

இனி நேரத்தைப் பாருங்கள். சாமான் வாங்கப் போய் வருவது, அடிப்பது, அவணில் வைத்துக் காத்திருப்பது, ஐசிங், பெட்டியில் போடுவது, பாத்திரம் கழுவுவது, இடையில் "அக்கா, ரோஸ் கலரா, பீச் கலரா?" என்று பத்துத் தடவை வரும் வட்ஸ்அப்புக்குப் பதில் எழுதுவது. குறைத்து வைத்தாலும் நான்கு மணித்தியாலம். 550ஐ நான்கால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 137 ரூபா 50 சதம்.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளர்களின் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. எட்டு மணித்தியாலமாக வகுத்தால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 169 ரூபா. அந்தச் சம்பளம் போதாது என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். எங்களில் பலர் அந்தத் தோட்டங்களிலிருந்துதான் பஸ் ஏறி இந்தக் கல்லூரிக்குப் படிக்க வந்தோம். எங்கள் அம்மாமார் வாங்கிய சம்பளத்தைக் குறைவென்று சொல்லும் நாங்கள், எங்கள் சொந்தச் சமையலறையில் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருக்கிறோம். கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குச் சேமலாப நிதியாவது உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை.

உங்கள் மணித்தியாலத்துக்கு 200 ரூபா என்று வைத்தால் உழைப்பு 800. அடக்கவிலை 2,750 ஆகிறது. கருகிப்போகும் கேக், உடையும் முட்டை, வருடத்துக்கொரு முறை பழுதாகும் அவண் ஆகியவற்றுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 3,025. அதன் மேல் 15 வீத இலாபம் வைத்தால் கிட்டத்தட்ட 3,480. அந்தக் கேக்கின் விலை 3,500 ரூபா. 2,500க்கு விற்றபோது ஒவ்வொரு கேக்கோடும் ஆயிரம் ரூபாவை ரிப்பன் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரே கேள்விதான் வரும். "சொந்தக்காரர் கேட்டால் என்ன செய்வது?" "நம்ம ஆள்தானே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்ற வசனத்தைக் கேட்காத பெண் இந்த மண்டபத்தில் இருக்க மாட்டார். அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் எங்கள் வகுப்புத் தோழியாகவோ கணவரின் அக்காவாகவோ இருப்பார். கோபிக்கவும் முடியாது. நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: கழிவு கொடுக்காதீர்கள், வேண்டுமென்றால் பரிசாகக் கொடுங்கள். மைத்துனியின் மகளுக்குப் பிறந்த நாளா? கேக்கை இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொப்பியில் "அன்பளிப்பு 3,500" என்று எழுதுங்கள். வருடக் கடைசியில் எத்தனை அன்பளிப்பு என்று உங்களுக்கே தெரியும். அடுத்த ஓடருக்கு எல்லோருக்கும் உள்ள விலை. ஐந்நூறு குறைத்துக் கொடுத்தால் அவருக்கு நன்றி இருக்காது, அதுதான் உண்மையான விலை என்று நினைத்துக்கொள்வார். நாலு பேருக்கும் சொல்வார்.

விலையை எழுதி வைப்பதும் இதற்காகத்தான். வாயால் சொல்லும் விலையைப் பேசிக் குறைக்கலாம். பலகையில், அல்லது வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில், அச்சடித்த விலையோடு பேரம் பேச ஆட்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சம் எங்களுக்கு வேலை செய்யட்டும்.

இனி, பொதி செய்வதும் பெயர் வைப்பதும். இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை, எங்கள் மலையே போதும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. பெட்டி பெட்டியாகப் போன தேயிலையைக் கலந்து, கடைகளில் நிறுத்து விற்றவர்கள் எங்கோ இருந்தார்கள். 1890இல் இங்கு வந்து ஹப்புத்தளைப் பக்கம் தோட்டங்கள் வாங்கிய தோமஸ் லிப்டன், கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவர் தேயிலையைப் பயிரிடுவதில் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சரியான நிறையில் சின்னப் பைக்கற்றில் போட்டு, மேலே தன் பெயரை அடித்தார். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று சொல்லி விற்றார். கொழுந்து பறித்தவர்கள் எங்கள் பாட்டிமார், பெயர் லிப்டனுடையது. நூறு வருடம் கழித்து, 1980களின் பிற்பகுதியில், மெரில் ஜே. பெர்னாண்டோ தன் மகன்மாரான டில்ஹான், மாலிக் இருவரின் பெயரையும் சேர்த்து 'டில்மா' என்று பெயர் வைத்து, இங்கேயே பொதி செய்த தேயிலையை அவுஸ்திரேலியக் கடைகளில் வைத்தார். இன்று தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் போட வேண்டுமென்றால் முழுவதும் இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும், இலங்கையிலேயே பொதி செய்திருக்கவும் வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வீட்டுப் பின்பக்கத்து மிளகையும் கராம்பையும் சாதிக்காயையும் சாக்கில் கட்டிச் சேகரிப்பவரிடம் கொடுக்கும்போது நாங்கள் இன்னும் 1883இலேயே நிற்கிறோம். நன்றாகக் காயவைத்து, தரம் பிரித்து, 50 கிராம் பைக்கற்றில் போட்டு, பெயரும் நிறையும் திகதியும் தொலைபேசி இலக்கமும் ஒட்டினால் அதே மிளகு வேறு பொருளாகிவிடும். லேபலை மூன்று மொழியிலும் அடியுங்கள். கண்டியில் தமிழில் மட்டும் எழுதிய பைக்கற் எங்கள் தெருவைத் தாண்டாது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதியதை உள்ளூர்க்காரர் வெள்ளைக்காரருக்கு உரிய விலை என்று நினைத்துத் தொடவே மாட்டார். சிங்களத்தில் எழுத்துப்பிழை இருந்தால் அது உங்களை விடச் சத்தமாகப் பேசும். பக்கத்து வீட்டுச் சிங்களத் தோழியிடம் ஒருமுறை காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். உணவுப் பொருள் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலிலேயே போய்க் கேளுங்கள். அவர் உங்களைத் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யுங்கள். அந்தப் பத்திரம் இல்லாமல் வியாபாரத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பது கஷ்டம். வீட்டுக் காசும் தொழில் காசும் ஒரே பேர்சில் கிடந்தால் மேலே போட்ட கணக்கு எதையும் போட முடியாது.

யாருக்கு விற்கிறோம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கண்டி என்றதும் எல்லோருக்கும் தலதா மாளிகையும் பெரஹராவும் உல்லாசப் பயணிகளும்தான் ஞாபகம். பெரஹரா நாட்களில் கை நிறையக் காசு வரும், உண்மை. ஆனால் 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, கொவிட் காலத்தில், பிறகு 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், உல்லாசப் பயணிகளை மட்டும் நம்பியிருந்த கடைகளின் கொப்பி எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். வழிகாட்டிக்கும் ஓட்டோக்காரருக்கும் கொமிஷன் கொடுத்துப் பிடிக்கிற வாடிக்கையாளர் ஒரு தடவை வருவார். அவர் திரும்பி வருவதில்லை.

இந்த நகரத்துக்கு வேறு ஆட்களும் வருகிறார்கள். தேசிய வைத்தியசாலைக்குக் கிளினிக் வருகிறவர்கள் ஒவ்வொரு மாதமும் வருகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வருடக்கணக்காக இருக்கிறார்கள். பஸ்ஸால் இறங்கி வேலைக்கு நடக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில். மதிய உணவும் சீருடையும் புடவைக்கு ஃபோல்ஸ் அடிப்பதும் பிள்ளைக்கு டியூஷனும் இவர்களுக்கு எப்போதும் தேவை. ஒரு சின்னக் குறிப்பு: கண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இருந்தால் ஒரு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு உங்கள் ஐஸ்கிரீம் கேக் பேராதனை வீதியிலேயே உருகிவிடும்.

விளம்பரத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தைப் போடுவதற்குக் காசில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், சன்னல் பக்கத்தில் வைத்து, உங்கள் சொந்தப் பொருளைப் படம் எடுங்கள். வேறு யாருடையவோ கேக் படத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டால் வாடிக்கையாளர் அதைத்தான் எதிர்பார்த்து வருவார். தொலைபேசியை எடுக்க முடியாத நேரத்தில் "மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்கிறேன்" என்று தானாகப் போகும் செய்தியை வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் வைக்கலாம். முறைப்பாடு வந்தால் அன்றைக்கே கதையுங்கள், எழுத வேண்டாம். எழுத்தில் கோபம் இரண்டு மடங்காகத் தெரியும்.

வெளிநாட்டிலிருக்கும் அக்காமாருக்கும் இந்த மலர் வந்து சேரும் என்பதால் அவர்களுக்கும் ஒன்று. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து, இங்கே தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பிறந்த நாள் கேக், வாரத்துக்கு இரண்டு நாள் சமைத்த சாப்பாடு, கோயிலில் ஓர் அர்ச்சனை என்று கேட்கிறார்கள். இது கண்டியில் மெதுவாக ஒரு தொழிலாகவே வளர்ந்து வருகிறது. இதைச் செய்யும் தங்கைமார் முற்பணம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கொண்டுபோய்க் கொடுத்ததும் அம்மாவோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். முற்பணம் கேட்ட கூச்சம் அந்தப் படத்தோடு தீர்ந்துவிடும். அக்காமாரே, நீங்களும் அங்கே ஒரு கடையில் கொடுக்கும் விலையை மனதில் வைத்துக்கொண்டு, இங்கே 'கல்லூரித் தங்கைதானே' என்று குறைத்துக் கேட்காதீர்கள்.

அடுத்தது, உங்களோடு வேலை செய்யும் பிள்ளை. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தொழில் வளர்ந்து ஒரு பிள்ளையை உதவிக்கு வைக்கும்போது, எங்களுக்கு நாங்களே செய்த அநியாயத்தை அவளுக்கும் செய்யத் தொடங்குகிறோம். "வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் வைத்திருக்கிறேன்" என்று சொல்லுவோம். வீட்டுப் பிள்ளைக்கு நேர அட்டவணை இல்லை, லீவு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. அவள் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டால் "சாப்பாடெல்லாம் கொடுத்தேனே" என்று ஆச்சரியப்படுவோம்.

ஒரே ஒருவரைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்றாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டம் அது. அவள் சம்பளத்திலிருந்து எட்டு வீதம், நீங்கள் பன்னிரண்டு வீதம். அதற்கு மேலே ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு நீங்கள் மூன்று வீதம். சம்பளம் 30,000 என்றால் அவளுடையது 2,400, உங்களுடையது 3,600, மற்றது 900. உங்களுக்கு அவள் உண்மையில் 34,500 ரூபா. கேக்கின் விலையைப் போடும்போது அந்த 34,500ஐத்தான் வைத்துப் போட வேண்டும். "இதைக் கட்டினால் எனக்குக் கட்டாது" என்று சொல்கிறவரின் விலைப் பட்டியலை நான் வாங்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் குறை அங்கேதான் இருந்தது. தன் மணித்தியாலத்துக்கே விலை போடாதவர் அடுத்தவளின் மணித்தியாலத்துக்கு எங்கிருந்து போடுவார்?

கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டினது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை. பிள்ளைப்பேற்றுக்கு 84 நாள் லீவு. நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அதை அவள் வாசிக்கக்கூடிய மொழியில் கொடுங்கள். மகியாவையிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலக் கடிதமும், திகனையிலிருந்து வரும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழ்க் கடிதமும் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஊழியர் எண்ணிக்கை 15ஐ எட்டினால் ஐந்து வருடச் சேவைக்குப் பிறகு பணிக்கொடையும் சேரும். அந்த நிலைக்கு வளர்ந்தவர்கள் நிச்சயமாக ஒரு கணக்காளரை வைத்துக்கொள்ளுங்கள். நான் எனக்காகச் சொல்லவில்லை.

கடைசியாகப் பத்திரங்கள். 2018 மார்ச்சில் திகனையிலும் அக்குறணையிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் கடைகள் எரிந்தன. எங்கள் சகோதரிமார் சிலரின் குடும்பங்களும் அந்த நாட்களை மறக்கவில்லை. அக்குறணை நகரம் வெள்ளத்திலும் அடிக்கடி மூழ்குகிறது. இப்படியான நேரத்தில் கையிருப்புப் பட்டியல், பற்றுச்சீட்டுகள், பதிவுப் பத்திரம் எல்லாமே கடைக்குள்ளேயே இருந்தால் கடையோடு அவையும் போய்விடும். பிறகு இழந்ததை எதைக் காட்டி நிரூபிப்பது? மாதத்துக்கொரு முறை எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பி வையுங்கள். தீக் காப்புறுதி எடுக்கும்போது கலவரத்துக்கும் குழப்பத்துக்கும் உரிய பாதுகாப்புச் சேர்ந்திருக்கிறதா என்று வாய் திறந்து கேளுங்கள். அது தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. மேலதிகமாகக் கட்ட வேண்டியது பெரும்பாலும் பெரிய தொகை அல்ல.

(உரையின் பின் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளும் பதில்களும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)

விலையைக் கூட்டினால் இருக்கிற வாடிக்கையாளரும் போய்விடுவார்களே என்று ஒரு தங்கை கேட்டார். சிலர் போவார்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் கூட்டாதீர்கள். இன்று முதல் புதிதாக வருகிறவர்களுக்குப் புது விலை. பழையவர்களுக்கு ஒரு மாதம் முன்னால் திகதி போட்டு அறிவியுங்கள். ஜனவரியிலிருந்து கூடுகிறதென்றால் நத்தார் ஓடரை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். பத்துப் பேரில் இரண்டு பேர் போனாலும், முன்பு பத்துக் கேக்கில் நட்டப்பட்டவர் இப்போது எட்டுக் கேக்கில் சம்பாதிப்பார், இரண்டு கேக் செய்கிற நேரமும் மிஞ்சும்.

கணக்கு எழுத எந்த மாதிரிக் கொப்பி நல்லது, கணினி வேண்டுமா என்று ஓர் அக்கா கேட்டார். சாதாரண சி.ஆர். கொப்பி போதும். இடப்பக்கம் வந்த காசு, வலப்பக்கம் போன காசு. ஓரத்தில் பென்சிலால் இன்னொரு கோடு போட்டு, அன்றைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். மூன்று மாதம் எழுதிவிட்டு என்னிடம் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். முதல் தடவைக்குக் காசு வேண்டாம். இரண்டாம் தடவையிலிருந்து என் விலை சுவரில் ஒட்டியிருக்கிறது.